மாட்டுக்கு வந்த அம்மையும் அதன் ஆட்டுச் சொந்தமும்

மலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற பட்டியில் அம்மா இரண்டு பசு வளர்க்கிறார். மூத்தவள் லெச்சுமி, பிரீசியன் கலப்பு. போன வருஷம் ஒருநாள் விடியக்காலை பால் கறக்கப் போனவர் வெறும் வாளியோடு திரும்பி வந்தார். "லெச்சுமிக்கு உடம்பெல்லாம் கட்டி, தொட்டா நெருப்பா கொதிக்குது" என்றார். நான் போய்ப் பார்த்தபோது கழுத்திலும் விலாவிலும் மடியிலும் உருண்டை உருண்டையாக, நாணயம் அளவுக்குத் தோல் தடித்து நின்றது. கண்ணிலும் மூக்கிலும் நீர். புல்லை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு "அம்மா போட்டிருக்கு" என்றார், அம்மை என்று அர்த்தம். இந்தக் குளிரில் வேம்பு வளராது, அதனால் கீழே மாத்தளைப் பக்கம் போன ஒருவரிடம் சொல்லி வேப்பிலை எடுப்பித்துப் பட்டியில் கட்டினோம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சாயந்தரத்துக்குள் செய்தி லயம் முழுக்கப் பரவி, எங்களிடம் பால் வாங்கும் மூன்று வீடும் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த லெச்சுமியின் பாலை நாங்களே கொடுக்கவில்லை. நன்றாக இருந்த சின்னவளின் பாலைக்கூட வேண்டாம் என்றார்கள். "புள்ளைக்கும் போட்டுடுமோன்னு பயமா இருக்கு அக்கா" என்று கைக்குழந்தைக்காரி அம்மாவிடம் சொன்னபோது அம்மா ஒன்றுமே பேசவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். அந்தக் கைக்குழந்தைக்காரிக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பயம் முழுக்க அம்மை என்ற அந்த ஒரு சொல்லில் இருந்து வருகிறது.

அம்மை என்ற பெயர் பிழை இல்லை. மாட்டு டாக்டர் லம்பி ஸ்கின் என்று சொன்ன இந்தத் தோல் கழலை நோயின் வைரஸ், மனிதருக்கு வந்த பெரியம்மை வைரஸ் இருக்கிற அதே பாக்ஸ் குடும்பத்தில்தான் இருக்கிறது. செங்கல் போன்ற உருவம், இரட்டை இழை டி.என்.ஏ. பெரும்பாலான டி.என்.ஏ வைரஸ்கள் கலத்தின் கருவுக்குள் புகுந்து பெருகும். இந்தக் குடும்பம் கருவுக்குள் போகாது, தனக்கு வேண்டிய நொதியங்களைக் கையோடு கொண்டுவந்து, கருவுக்கு வெளியே உள்ள குழியவுருவிலேயே வேலையை முடித்துக்கொள்ளும். ஆனால் குடும்பம் பெரியது. எங்கள் பாடப் புத்தகம் சாதி என்று சொல்லும் மட்டத்துக்கு இறங்கினால் பாதை பிரிந்துவிடும். பெரியம்மையும், ஐரோப்பாவில் பால் கறப்பவர்களின் கையில் கொப்புளம் போட்ட பசு அம்மையும் ஒரு சாதி. லெச்சுமிக்கு வந்தது வேறு சாதி, கப்ரிபாக்ஸ். கப்ரா என்றால் இலத்தீனில் ஆடு! அந்தச் சாதியில் மூன்றே இனம்தான்: செம்மறி அம்மை, வெள்ளாட்டு அம்மை, மாட்டின் இந்தக் கழலை. மூன்றுமே மனிதருக்கு வராது.

இந்த மூன்றும் எவ்வளவு நெருக்கம் என்றால், ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் எழுத்து நீளமுள்ள அவற்றின் மரபுத் தொகுதியை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கி இரத்தத்தில் விடும் பிறபொருளெதிரியை வைத்து எந்த இனம் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, மரபணுவைத்தான் பார்க்க வேண்டும். கென்யாவில் செம்மறியில் இருந்து எடுத்து, ஆடுகளுக்குத் தடுப்பூசியாக நெடுங்காலம் பயன்படுத்திய ஒரு வைரஸை மரபணு வரிசையில் பார்த்தபோது, அது உண்மையில் மாட்டுக் கழலை வைரஸ் என்று தெரியவந்தது. எந்த மிருகத்தில் கண்டோமோ அதன் பெயரை வைத்துவிட்டால் இப்படித்தான் ஏமாந்துபோவோம். இந்தச் சொந்தத்தால் நன்மையும் உண்டு. இந்தியாவில் வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியையே மாடுகளுக்குப் போட்டார்கள். மாட்டுக்கென்றே நீத்லிங் என்ற பலவீனப்படுத்திய கழலை வைரஸில் செய்த ஊசியும் உண்டு.

1929இல் இன்றைய சாம்பியாவில் முதலில் கண்டபோது, ஏதோ நச்சுச் செடியைத் தின்றதால் அல்லது பூச்சி கடித்து ஒவ்வாமல் போனதால் வந்தது என்றுதான் நினைத்தார்களாம். பூச்சி என்று சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நோயைப் பரப்புவது கடிக்கிற ஈ, கொசு, உண்ணி. நோய் மாட்டைக் கடித்த வாயோடு அடுத்த மாட்டைக் கடிக்கும், அவ்வளவுதான். பல பத்தாண்டு ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருந்தது 2019இல் இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் வந்து, 2020இல் வடக்கு வழியாக இலங்கையிலும் தெரிந்தது.

ஆகவே பயப்பட வேண்டியது பாலுக்கு அல்ல, பட்டிக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற ஈர வைக்கோலுக்கும் சாணிக்கும். கடி ஈ முட்டையிடுவது அங்கேதான். நாங்கள் அதை அன்றைக்கே அள்ளினோம், சின்னவளை மாமா வீட்டுப் பட்டிக்கு மாற்றினோம், பின்னேரத்தில் புகை போட்டோம். உதிர்கிற பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கும் மேலே உயிரோடு இருக்கும் என்பதால் அதையெல்லாம் பொறுக்கி எரித்தோம். வைரஸுக்கு மருந்து கிடையாது. டாக்டர் போட்டது காய்ச்சலுக்கும், புண்ணில் வேறு கிருமி ஏறாமல் இருக்கவும். வழக்கமாகச் சாவது நூற்றுக்கு ஐந்துக்குள்தான், ஆனால் ஒரு மாட்டை நம்பி இருக்கிற வீட்டுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்க விரும்பவில்லை. அதே பாக்ஸ் குடும்பத்தில் பாராபாக்ஸ் என்று இன்னொரு சாதி இருக்கிறது. அதில் ஒன்று பசுவின் காம்பில் சின்னப் புண்ணாக வந்து, கறப்பவரின் விரலில் கட்டி போடும், தானாக ஆறிவிடும். காம்பில் மட்டும் புண் இருந்து, உங்கள் கையிலும் வந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தைக்காரி ஒரு மாதம் கழித்துத் தூக்குச்சட்டியோடு வந்தாள், சின்னவளின் பாலுக்கு. லெச்சுமி பிழைத்துவிட்டாள். கழுத்தில் வட்ட வட்டமாக மயிர் முளைக்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன, காலைப் பாலில் இரண்டு லீற்றர் இன்னும் குறைகிறது.