வெள்ளம் ஏறின கிணறும் வீரியம் போன குளோரினும்

வெள்ளம் வடிந்த கிழமையே யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் எல்லாக் கிணற்றுக்கும் குளோரின் போட்டாயிற்று. போட்டது வேலை செய்ததா என்று பார்த்தவர்கள்தான் இல்லை. பகிர்ந்து தந்த தூள், வாய் கட்டாத உரப்பையில் ஈர நிலத்தில் கிடந்தது. கட்டி கட்டியாக இருந்தது, மூக்கில் ஏறும் நெடி துளியும் இல்லை. கிணற்றில் போட்டு அரை மணித்தியாலம் கழித்துச் சோதனை வில்லையைக் கரைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறவே இல்லை. மீதிக் குளோரின் பூச்சியம். தூள் தந்தவரிடம் கேட்டபோது "போட்டால் சரி, நிறம் பார்க்கத் தேவையில்லை" என்றார். பார்க்காமல் போடுவதென்றால் சுண்ணாம்பையே போட்டிருக்கலாம்.

ஆகவே முதல் எச்சரிக்கை: தூள் உலர்ந்து, உதிரியாக, நெடியோடு இருக்க வேண்டும். திறந்த பை எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் விரைவாக வீரியம் இழக்கும். மூடி இறுகிய பிளாஸ்ரிக் வாளியில் வருவதைக் கேளுங்கள். அதில் குளோரின் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். சாதாரண வெளிற்றும் தூள் (பிளீச்சிங் பவுடர்) 33 சதவீதம், குறுணலாக வருவது 65 - 70 சதவீதம். இரண்டுக்கும் ஒரே அளவு போட்டால் ஒன்றில் காணாது, மற்றதில் கூடிப்போகும்.

அளவு இப்படி: கிணற்றின் விட்டத்தை அடியில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பிறகு 22 ஆலும் பெருக்கினால் லீற்றர் வரும். 10 அடி விட்டம், 8 அடி தண்ணீர் என்றால் 17,600 லீற்றர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு லீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரின் வேண்டும். அதாவது 1000 லீற்றருக்கு 33 சதவீதத் தூள் 60 கிராம், இந்தக் கிணற்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 70 சதவீதக் குறுணல் என்றால் அரைக் கிலோ போதும். "கிணற்றுக்கு ஒரு பேணி" என்ற கணக்கை மறந்துவிடுங்கள்.

கலங்கலான தண்ணீரில் குளோரின் போடுவது வீண். சேறும் அழுகல் இலையும் அதைத் தின்றுவிடும். முதலில் இறைத்துத் தெளியவைக்க வேண்டும், ஆனால் அவசரப்படக் கூடாது. வளவில் வெள்ளம் நிற்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் வெளியே ஊறி நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தில் கிணற்றின் சுவர்க்கட்டு உள்ளே சரியும். மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். புகை அடியில் தங்கி, இறங்குபவரைச் சத்தமில்லாமல் கொல்லும். மெசின் மேலேயே, புகை கிணற்றுப் பக்கம் வராதபடி காற்று போகும் பக்கத்தில் நிற்கட்டும்.

இறைத்த பின் 10 லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் 33 சதவீதத் தூள் கரைத்துக் கிணற்றின் சுவர்க்கட்டைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். கிணற்றுக்குள் ஆள் நிற்கும்போது தூளை மேலிருந்து கொட்டக் கூடாது. ஊற்று ஏறிய பிறகு, கணக்கிட்ட தூளைப் பிளாஸ்ரிக் வாளியில் முதலில் களியாகக் குழைத்து, பிறகு தண்ணீர் விட்டுக் கலக்கி, கால் மணித்தியாலம் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் ஊற்றினோம். வாளியைத் தாழ்த்தி அலசிக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து மேலேயே நிற்கும். இரவு முழுக்க விடுங்கள். காலையில் நெடியே இல்லையென்றால் மருந்து செலவாகிவிட்டது என்று அர்த்தம், மறுபடி போட வேண்டும். நெடி இருந்தால் இறைத்து வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீரை வெங்காயப் பாத்திக்கோ வெற்றிலைக் கொடிக்கோ பாய்ச்சிவிடாதீர்கள்.

இறங்கி வேலை செய்கிறவருக்கு எலிக்காய்ச்சல் மருந்து முதலில். 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் ஆட்கள் இறந்து, பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலமோ டொக்சிசைக்கிளின் கேளுங்கள். வளர்ந்தவருக்குக் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் வில்லை இரண்டு. சேற்றில் இறங்க முன்னமே தொடங்குவது நல்லது. சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்குழாய் புண்ணாகும். பாலோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. வில்லை போட்டாலும் பூட்ஸ் போடாமல் இறங்காதீர்கள், காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம். அதன்பின் காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்று எது வந்தாலும் சேற்றில் நின்றதைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கென்று டைக்குளோபினாக் வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கூடாது.

கடைசிக் கண்டம், தண்ணீர்ச் சோதனை. கிருமி நீக்கிய போத்தலைச் சோதிக்கிற இடத்தவர்களே தர வேண்டும், குளோரினை முறிக்கும் பொருள் அதற்குள் இருக்கும். வீட்டுச் சோடாப் போத்தலில் கொண்டுபோனால் முடிவு பிழையாகும்: குளோரின் மிஞ்சிய தண்ணீர் உண்மையில் அசுத்தமானாலும் சுத்தம் என்று காட்டும். அங்கே கருமபீடத்தில் கிராம சேவகர் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடிதத்தோடு போனால் "மாதிரி எடுக்கிற ஆள் இல்லை, திங்கள் வாருங்கள்" என்றார்கள். மாதிரி எடுத்து 6 மணித்தியாலத்துக்குள், ஐஸ் பெட்டியில், ஆய்வுகூடம் சேர வேண்டும் என்பதால் வெள்ளி பின்னேரத்தில் எடுத்துப் பிரயோசனமில்லைதான். அதை முதல் தரமே சொல்லியிருந்தால் என்ன? போன் எடுத்து, போத்தல் இருக்கிறதா, ஆய்வுகூடம் ஏற்கிற நாள் எது, கடிதம் வேண்டுமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அறிக்கையில் ஈ-கோலி, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் கிருமி, இல்லை என்று வந்தது, ஒரு பெருமூச்சு. ஆனால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஓடும். பக்கத்து வளவு மலக்குழி நிரம்பினால் எங்கள் ஊற்றிலும் தெரியும், அடுத்த மழைக்கே குளோரினும் காணாமல் போகும். அதனால் இப்போது மருந்து கிணற்றுக்கு அல்ல, மேலே உள்ள தாங்கிக்கு: தெளிந்த தண்ணீர் 1000 லீற்றருக்கு 33 சதவீதத் தூள் 2.5 கிராம், அரை மணித்தியாலம் கழித்து மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.2 - 0.5 மில்லிகிராம் நிற்கிறதா என்று நிறம் பார்த்தல். குடிக்கிற தண்ணீர் மட்டும் மாரி முடியும்வரை கொதிக்கவைத்துத்தான்.