பைட் சஞ்சிகையும் கசெற் நாடாவும்

நம் சங்கத்தில் கணினித் தொழிலுக்குப் போன மூத்தவர்களிடம் 'பைட்' என்ற அமெரிக்கக் கணினிச் சஞ்சிகையைச் சொன்னாலே ரொபேட் ரின்னி வரைந்த அட்டைப்படங்கள் கண்ணுக்குள் வரும். 1981 ஓகஸ்டில் ஸ்மோல்ரோக் என்ற நிரல்மொழிக்காக வந்த இதழின் பலூனை யார் மறப்பார்? ஆனால் அந்தச் சஞ்சிகை செய்த பெரிய காரியம் அதற்கு ஆறு வருடம் முந்தியது.

1975 செப்டெம்பரில் நியூ ஹம்சயரின் பீற்றர்பரோவிலிருந்து முதல் இதழ் வந்தது. ஆசிரியர் கார்ல் ஹெல்மர்ஸ். தொடக்கியவர்களில் ஒருவரான வெய்ன் கிரீன், வானொலி ஆர்வலர்களுக்கான '73' சஞ்சிகைக்காரர். சீக்கிரமே பிரிந்துபோய் 1977இல் 'கிலோபோட்' தொடங்கினார்.

அப்போது அல்ரெயர் என்ற ஆரம்பகால வீட்டுக் கணினியை வாங்கியவருக்கு எழுதிய நிரலைச் சேமிக்க வழியில்லை. நிரலைத் தாள்நாடாவில் துளைகளாக அடிக்கும் ரெலிரைப் இயந்திரம் கணினியை விட விலை கூடியது. வீட்டுக் கசெற் ரெக்கோடர் மலிவு. ஆனால் ஆளுக்கொரு முறையில் பதிந்தால் ஒருவர் நாடாவை மற்றவர் வாசிக்க முடியாது. அதற்காகத்தான் பைட் 1975 நவம்பரில் கன்சாஸ் சிற்றியில் கணினித் தயாரிப்பாளர்களைக் கூட்டியது.

அங்கே முடிவான பொது நியமம் எளிமையானது: 0, 1 இரண்டையும் ஒலியாகப் பதிவது. 0 என்றால் 1200 ஹேர்ட்ஸில் நான்கு அலை. 1 என்றால் 2400 ஹேர்ட்ஸில் எட்டு அலை. இரண்டுக்கும் ஒரே நேரம், ஆகவே செக்கனுக்கு 300 பிற் (ஒரு பிற் என்பது ஒரு 0 அல்லது 1). ஒவ்வொரு எழுத்துக்கும் தொடக்கத்தில் ஒரு 0, பிறகு எட்டு பிற், கடைசியில் இரண்டு 1: மொத்தம் 11. 4096 பைற், அதாவது 4096 எழுத்து, ஏற இரண்டரை நிமிடம். ரெலிரைப்பில் அதே வேலைக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம். ஒவ்வொரு பிற்றும் எப்போது தொடங்குகிறது என்று காட்டும் கடிகாரத் துடிப்பையும் நாடாவின் ஒலியிலிருந்தே எடுக்கலாம் என்பதால் மோட்டர் கொஞ்சம் விரைந்தாலும் இழுத்தாலும் வாசிப்பு தவறாது.

தவறுவது வேறு இடங்களில். நாடாவின் தொடக்கத்தில் காந்தப்பூச்சு இல்லாத வெறும் துண்டு உண்டு. அதன்மேல் பதிந்தால் நிரலின் தொடக்கம் போய்விடும். பதிந்த ரெக்கோடரின் தலையும் (நாடாவைத் தொடும் காந்தப் பகுதி) வாசிக்கும் ரெக்கோடரின் தலையும் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் 2400 ஹேர்ட்ஸ் ஒலி முதலில் மங்கும். தலையருகே உள்ள சிறு திருகாணியை, ஒலி கூர்மையாகக் கேட்கும்வரை திருப்ப வேண்டும். பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு பிற் போனாலும் அந்த நியமம் கண்டுபிடிக்காது. பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையை நிரல் எழுதுபவரே சேர்க்க வேண்டும்.

1977 மே மாதம் 'இன்ரபேஸ் ஏஜ்' சஞ்சிகை இதே ஒலியை மெல்லிய பிளாஸ்ரிக் இசைத்தட்டில் அச்சிட்டு, 6800 என்ற சில்லில் இயங்கும் கணினிக்கான பேசிக் நிரல்மொழியை இதழோடு சேர்த்துக் கொடுத்தது.