மிலிட்டரி ஐயா சொல்லிக்குடுத்த ஃபர்ஸ்ட் பரேட்

தர்மபுரில டூவீலர் பட்டறை வச்சிருக்கேன், எத்தனையோ கஸ்டமர் வந்து போறாங்க, வண்டிய விட்டுட்டு டீ குடிக்க போயிடுவாங்க. பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து நான் எந்த ஸ்பேனர எடுக்கறேன்னு கடைசி வரைக்கும் பாத்தவர் எங்க மிலிட்டரி ஐயா ஒருத்தர்தான். போன மாசம் தவறிட்டார்.

ஆர்மில சிக்னல்ஸ்ங்கற தகவல் தொடர்பு பிரிவுல டெஸ்பாட்ச் ரைடரா இருந்தவர், ட்ரெய்னிங் ஜபல்பூர்ல. வயர்லெஸ்ல சொல்லக்கூடாத கடிதம், மேப் இதெல்லாம் பையில போட்டுக்கிட்டு மோட்டார் சைக்கிள்லயே ஒரு யூனிட்ல இருந்து இன்னொரு யூனிட்டுக்கு கொண்டு போய் சேக்கற வேலை. 1971 சண்டைல எங்க இருந்தீங்கய்யான்னு கேட்டா "மேற்க"ன்னு ஒரு வார்த்தை, அதோட சரி. வண்டிய பத்தி கேட்டா மட்டும் பொழுது சாயற வரைக்கும் பேசுவார்.

வண்டி பழைய 350 புல்லட்டு, திருவொற்றியூர் ஃபேக்டரில செஞ்சது, வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். அதுக்கு டேப்பெட் வைக்கறத, அதாவது வால்வ இயக்கற பாகங்களுக்கு நடுவுல இடைவெளி சரி பண்றத, அவர்தான் எனக்கு ஒழுங்கா காட்டிக்குடுத்தார். என்ஜின் நல்லா ஆறி ஜில்லுன்னு இருக்கணும், கம்ப்ரஷன்ல பிஸ்டன மேல கொண்டு வந்து நிறுத்திட்டு சைடுல இருக்கற கவர கழட்டி வால்வ இயக்கற கம்பியான புஷ் ராட ரெண்டு விரலால பிடிச்சு திருப்பணும். "சுத்தணும் தம்பி, ஆனா மேலயும் கீழயும் ஆடக்கூடாது." அவர் விரலும் ஒரு தடவ திருப்பி பாத்தாதான் கவர மூட விடுவார்.

ஆர்மில காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கறது ஃபர்ஸ்ட் பரேட், வழில நிறுத்தினா ஹால்ட் பரேட், கொண்டு வந்து விட்டதும் லாஸ்ட் பரேட். ஆயில், டயர் காத்து, செயின், பிரேக், லைட்டு, லூசான நட்டுன்னு ஒண்ணு விடாம பாப்பார், வழில நிறுத்தினா வீல் ட்ரம்முல புறங்கைய வச்சு சூடு பாப்பார், பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதான்னு அதுலயே தெரிஞ்சிடும். சேலம் போற பசங்க யாராவது பட்டறைக்கு வந்தா போதும், தொப்பூர் கணவாய் இறக்கத்துல நியூட்ரல்ல விடாதடான்னு ஆரம்பிச்சிடுவார். டீசல் மிச்சம் பண்றேன்னு லாரிங்க நியூட்ரல்ல இறங்கி, பிரேக் சூடாகி பிடிக்காம முன்னாடி போற வண்டி மேல எல்லாம் ஏறின சோகம் இந்த ஜில்லாவுல எல்லாருக்கும் தெரியும். கியர்லயே இறங்கு, என்ஜினே பிடிக்கும்பார்.

அவர் தவறின அன்னிக்கு பசங்க எல்லாம் பைக் ஊர்வலம் போலாம்னாங்க, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஆனா சைலன்சர கழட்டிட்டு முறுக்கிக்கிட்டே போலாம்னு ஒருத்தன் சொன்னதும் நான் கண்டிப்பா வேணாம்னுட்டேன். சத்தம் போடற சைலன்சர கண்டா ரோட்டுலயே நிறுத்தி திட்டற மனுஷனுக்கு அப்படி ஒரு மரியாதை பண்ணவே கூடாது. அதுக்கு பதிலா வந்த வண்டி எல்லாத்தையும் தெருவுல வரிசையா நிறுத்தி ஃபர்ஸ்ட் பரேட் பாத்தேன். ஒரு வண்டில முன் பிரேக் கேபிள் பிஞ்சு ரெண்டு இழைல நின்னுச்சு, அந்த பையன் வேற வண்டில பின்னாடி உக்காந்து வந்தான். அவசரத்துல பிரேக்குன்னு நினைச்சு கியர மிதிச்சிடுவாங்கன்னு ஐயா புல்லட்ட நானே ஓட்டினேன். ஹெட்லைட்ட போட்டுக்கிட்டு, யாரும் யாரையும் ஓவர்டேக் பண்ணாம, கான்வாய் மாதிரி மெதுவா போனோம்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துல இருந்து மெடல் குத்திக்கிட்டு பெரியவங்க வந்தாங்க, மலர் வளையம் வச்சு வரிசையா நின்னு சல்யூட் அடிச்சாங்க. தேசியக்கொடி போத்தலாமான்னு ஒருத்தர் கேட்டப்ப, அதுக்கு விதி இருக்கு, அரசு மரியாதை, ராணுவ மரியாதையோட நடக்கறதுக்குத்தான்னு அவங்களே வேணாம்னுட்டாங்க. அதுவும் எனக்கு சரின்னுதான் பட்டுச்சு.

நம்ம பக்கம் சண்டைல செத்தவனுக்கு கல்லு நட்டு வச்ச பூமி, மாடு மீட்க போய் செத்தவன் நடுகல்ல வேடியப்பன்னு இன்னிக்கும் கும்பிடறாங்க, தர்மபுரி மியூசியத்துலயும் அந்த கல்லுங்க நிறைய இருக்கு. ஆனா சண்டைக்கு போயிட்டு உயிரோட திரும்பி வந்து, ஊர் பசங்களுக்கு செயின் டைட் பாக்க கத்துக்குடுத்துக்கிட்டே வயசாகி போனவருக்கு கல்லு எதுவும் கிடையாது. பட்டறை பசங்ககிட்ட சொல்லிட்டேன், சர்வீஸ் முடிஞ்ச எந்த வண்டியும் ஃபர்ஸ்ட் பரேட் பாக்காம வெளிய போகக்கூடாதுன்னு. இப்போ பசங்களே அந்த பேர சொல்லித்தான் பாக்கறாங்க.

புல்லட்ட நல்ல விலைக்கு கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க. ஐயா பையன் ஓசூர்ல வேலைல இருக்கார், என்ன பண்றதுண்ணான்னு என்கிட்ட கேட்டார், நீங்க ஓட்டறதா இருந்தா வச்சுக்குங்க, சும்மா நிறுத்தி வைக்கறதா இருந்தா ஓட்டறவங்களுக்கு குடுத்துடுங்கன்னேன். ஓட்டறேன்னுட்டார். ஓனர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லணும், 3 மாசத்துக்குள்ள ஃபார்ம் 31 குடுத்து பேர் மாத்தணும், வாரிசு சான்றிதழுக்கு எழுதி குடுத்திருக்கார். ஞாயித்துக்கிழமை வந்தா வலது கால் கியர் பழக்கி விடறேன்னு சொல்லியிருக்கேன், அதுக்குள்ள பின் டயர மாத்திடணும்.