மிச்சக் கோனும் இரண்டு ஊசியும்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

பெரிய கடை வீதியில் நூல் விலை கேட்டே இன்றைய பொழுது போய்விட்டது. அம்மிச்சிக்கு மார்கழிக்குள் ஒரு சால்வை பின்னித் தர வேண்டும். வெளிநாட்டுப் பருத்தி நூல் உருண்டை ஒன்று அழகாக இருந்தது. எடை 50 கிராம்தான். சால்வைக்கு அதில் ஆறேழு உருண்டை வேண்டும். அந்தக் காசுக்கு அம்மிச்சிக்கு நல்ல கைத்தறிச் சேலையே எடுத்துவிடலாம். பக்கத்திலேயே அக்ரிலிக் உல்லன் மலிவாகக் கிடைத்தது. குழந்தைத் தொப்பிக்கும் ஸ்வெட்டருக்கும் அதை நான் குறை சொல்லவே மாட்டேன், எத்தனை துவைத்தாலும் நிற்கும். ஆனால் கோயமுத்தூரில் அதைத் தோளில் போட்டால் ஏழு மணிக்கே வேர்த்துவிடும்.

நூல் வாங்கும்போது உருண்டையின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு சரியாக வராது. சீட்டில் கிராமோடு மீட்டரும் போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பருமன் என்றாலும் பருத்தி கனமானது, 100 கிராமுக்கு அக்ரிலிக்கை விடக் குறைந்த மீட்டர்தான் வரும். ஆகவே ஒரே பருமனுள்ள நூல்களை எடுத்து, மீட்டருக்கு எத்தனை பைசா என்று பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

நவம்பர் 12, புதன்

சுற்றிலும் இத்தனை மில்லும் தறியும் இருக்கிற ஊரில் பருத்தி நூலுக்கு நான் ஏன் இவ்வளவு அலைகிறேன் என்ற யோசனை நேற்றிலிருந்து விடவில்லை. மில் நூல் மெல்லியது, ஒற்றை இழையாகக் கையால் பின்ன முடியாது. பல இழைகளைச் சேர்த்துப் பிடித்தால் முடியும். எத்தனை இழை என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் நூலின் கவுண்டிலேயே இருக்கிறது.

ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம், அதாவது வளையமாகச் சுற்றிய நூல்கட்டு, எத்தனை வருகிறதோ, அதுதான் கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெலியும். 10ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 8,400 கெஜம், அதாவது கிராமுக்கு ஏறக்குறைய 17 மீட்டர். போர்வைத் தறிகளில் ஓடும் 2/20 என்பது 20ஆம் நம்பர் இழை இரண்டை முறுக்கியது, பருமனில் 10ஆம் நம்பருக்குச் சமம். அதில் ஏழு இழை சேர்த்தால் கிராமுக்கு சுமார் 2.4 மீட்டர், 100 கிராமுக்கு 240 மீட்டர். கடையில் டபுள் நிட்டிங் என்று விற்கும் நூலும் ஏறத்தாழ இந்த அளவுதான்!

கணக்கு முடிந்ததும் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பெருந்துறை வழியாகச் சென்னிமலை போய் வந்தேன். போர்வைக்குப் பேர் போன ஊர், தெருவில் நடந்தாலே தறிச் சத்தம் கேட்கிறது. நூல் கடைக்காரர் பெரியவர். "எத்தன தறிங் அம்மிணி ஓடுது?" என்று கேட்டார். "தறி இல்லீங்க, கையில பின்றதுக்கு" என்றதும் எழுந்து உள்ளே போய், தறிக்குப் போதாமல் மிஞ்சிய கோன்களை, கூம்பில் சுற்றிய நூல்களை, ஒரு சாக்கோடு கொண்டுவந்து கொட்டினார். "பாத்து எடுத்துக்குங்க கண்ணு, எல்லாமே சாயம் போட்ட நூல்தான்."

அரக்கு, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை, ஊதா. நம் சேலைக் கரைகளில் பார்த்துப் பழகிய நிறங்கள். உருண்டை நூல் விற்கும் கடையில் இந்த அரக்கை நான் பார்த்ததே இல்லை. அரக்கில் நாலு கோனும் மஞ்சளில் மூன்றும் எடுத்தேன். எல்லாம் பாதியும் காலுமாகத் தீர்ந்தவை, சேர்த்து இரண்டு கிலோ. கிலோ 300 ரூபாய்க்குள் முடிந்தது. பிசிர் இருக்கிறதா, நடுவில் முடிச்சு அதிகமா, கோனின் அடிப்பக்கம் ஈரம் பட்டுக் கறுத்திருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் மிச்சக் கோனில் பயமில்லை.

நவம்பர் 19, புதன்

முதலில் சாயச் சோதனை. ஈர வெள்ளைத் துணியால் நூலைத் தேய்த்துப் பார்த்தேன். மஞ்சள் அசையவில்லை, அரக்கு லேசாக இறங்கியது. அதனால் அரக்கை மட்டும் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெந்நீரில் ஊறப் போட்டு, தண்ணீர் தெளியும் வரை அலசினேன். இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் மஞ்சளும் அரக்காகிவிடும்.

காய்ந்த பிறகு அரக்கைத் திரும்ப உருண்டைகளாகச் சுற்றி, மஞ்சள் கோன்களோடு ஒரு பெரிய போசியில் வைத்து, ஏழு இழையையும் ஒன்றாக விரலிடுக்கில் ஓடவிட்டு உருட்டினேன். எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும். ஒன்று தளர்ந்தால் பின்னும்போது அது தனியே வளையம் போட்டு நிற்கும். ஒரு மணி நேரத்தில் அரக்கும் மஞ்சளும் கலந்த கனத்த உருண்டை ஒன்று கையில் இருந்தது. இந்தக் கலவையைக் காசு கொடுத்து எங்கேயும் வாங்க முடியாது. நானே பார்த்துச் சேர்த்தது.

நவம்பர் 23, ஞாயிறு

குன்னூரில் உறவில் ஒரு விசேஷம். சாப்பாடு முடிந்ததும் அத்தை தன் பழைய ஊசிப் பெட்டியை எடுத்து என்னிடமே தந்துவிட்டார்கள். எல்லாம் போனி என்ற பெயரில் வரும் பின்னல் ஊசிகள், பக்கத்திலேயே கேத்திப் பள்ளத்தாக்கில் செய்தவை. அந்த ஊசித் தொழிற்சாலை 1949இல் தொடங்கியது. மலைக் குளிரில் ஸ்வெட்டர் பின்னிய பெண்களுக்குக் கூப்பிடு தூரத்தில் ஊசி செய்யும் இடம் இருந்தது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஊசியின் தலையில் பொறித்த எண்ணைக் கவனிக்க வேண்டும். இவை பிரிட்டிஷ் முறை, எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25. அமெரிக்க முறையில் அதே 8 என்பது 5 மி.மீ. பேட்டர்னில் வெறும் எண் மட்டும் இருந்தால் அது எந்த நாட்டுக் கணக்கு என்று பார்த்துவிட்டுத்தான் ஊசி போட வேண்டும்.

திரும்பும் வழியில் நடைபாதைக் கடையில் பழைய ஸ்வெட்டர்களைக் கிளறினேன். பிரித்தெடுக்க வாங்குவதென்றால் முதலில் உள்பக்கத் தையலைத்தான் பார்க்க வேண்டும். ஓவர்லாக் அடித்திருந்தால் வேண்டாம், துணியை வெட்டித் தைத்திருப்பார்கள், பிரித்தால் துண்டு துண்டாக வரும். ஓரம் சங்கிலி போல முழுசாக இருந்தால் நூல் நீளமாகக் கிடைக்கும். ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் அப்படி அமைந்தது. வீட்டில் தையலில் இருந்து ஒரு இழையை எடுத்துக் கொளுத்தினேன். முடி கருகும் வாசனை, விரலில் பொடியாக உதிர்ந்தது. கம்பளியேதான். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டி மணியாகியிருக்கும். கழுத்திலிருந்து பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். சுருள் போனதும் உருண்டையாக்கலாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

சால்வை பாதி தாண்டிவிட்டது. ஊசி 4.5 மி.மீ., 94 கண்ணி. பேட்டர்ன் ஓல்டு ஷேல், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் பிறந்தது. அங்கே பெண்கள் முதுகில் அடுப்புக்கான சதுப்பு மண்கட்டிக் கூடையைச் சுமந்து நடந்தபடியே பின்னுவார்களாம். இந்தப் பேட்டர்னைப் பின்னிப் பார்த்தால் அது எப்படி முடிந்தது என்று புரிகிறது. நாலு வரிசையில் மூன்று வெறும் நிட்டும் பர்லும்தான், பின்னலின் அடிப்படையான இரண்டு கண்ணிகள், கண் பார்க்கத் தேவையில்லை. நாலில் ஒரு வரிசைதான் வேலை: இரண்டிரண்டாக மூன்று முறை சேர்த்துப் பின்னி, பிறகு ஆறு முறை நூலைச் சுற்றி ஒரு நிட், மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. பதினெட்டுக் கண்ணி சுருங்கி, விரிந்து, மறுபடி பதினெட்டாகவே முடியும். அதுவே அலை அலையாக விழுகிறது.

மேட்டுப்பாளையம் ரயிலில் பின்னிக்கொண்டு போனால் நேரம் போவதே தெரிவதில்லை. எதிரில் இருந்த அக்கா ஒருவர், நான் கண்ணி எண்ணுவதைப் பார்த்து, நானறியாமல் தானும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். "இப்ப மூணு தடவ சேக்கணும்ல?" என்று சரியாகச் சொன்னார். அவர் கையில் ஊசியைக் கொடுத்தேன். பெரியநாயக்கன்பாளையம் தாண்டுவதற்குள் நிட் வந்துவிட்டது. வேலைக்குப் போய்வரும் அலுப்பெல்லாம் அந்த ஒரு வரிசையில் இறங்கிப் போகிறது எனக்கு. விரல் நூலைத் தள்ளுகிறது, ஊசி இழுக்கிறது, மனசு அதற்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது.

டிசம்பர் 18, வியாழன்

முடித்து, நனைத்து, பாயில் விரித்து, அலை முனைகளில் குண்டூசி குத்திக் காயவைத்தேன். பருத்தி நனைந்த பிறகுதான் தன் சரியான அளவுக்கு வருகிறது. 320 கிராம், நூலுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

இன்று விடிகாலை அம்மிச்சி அதைப் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தார். வந்ததும், "சூடும் இல்ல, குளிரும் அண்டல. பக்கத்து வூட்டுக்காரி எந்தக் கடைனு கேக்கறா. அவளுக்கு ஊதாவுல ஒண்ணு போட்டுக் குடு சாமி" என்றார். அரக்கு மீதி நிறைய இருக்கிறது. அவர் கேட்பதோ ஊதா. சென்னிமலைச் சாக்கில் ஊதா கோன் ஏழு தேறுமா என்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். தேறாவிட்டால் ஊதாவில் அஞ்சும் பச்சையில் ரெண்டும்.