முதலில் தம்ளர், பிறகு சத்தம்

மதியம் சாப்பிடும்போது ரசத் தம்ளர் லேசாக நடுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியிருக்கலாம், 'டம்' என்று சத்தம். கல்குவாரி வெடி.

"வெடிக்கிறதுக்கு முன்னாடியே வீடு ஆடுது பாரு" என்றார் அம்மா.

பாறை வழியே அதிர்வு விநாடிக்குச் சில கிலோமீட்டர் பாயும். காற்றில் சத்தம் சுமார் 340 மீட்டர்தான். மூன்று விநாடி இடைவெளி என்றால், குவாரி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில். (அனுமதித்த தூரமா என்பது தனிக்கதை.)

இப்படித் தரை வழியே வரும் அதிர்வு ஒரு பெரிய விபத்துக்கும் சாட்சி சொன்னது. 2000 ஆகஸ்ட் 12-ல் 118 பேரோடு ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கி பேரன்ட்ஸ் கடலில் மூழ்கியபோது, வெளிநாட்டு நீர்மூழ்கி மோதியிருக்கும் என்று அங்கே பேச்சு.

நார்வேயின் நில அதிர்வுக் கருவிகளில் இரண்டு பதிவுகள். முதலாவது சின்னது. 2 நிமிடம் 15 விநாடி கழித்து வந்தது பூகம்ப அளவில் 4-ஐத் தாண்டியது.

தண்ணீருக்கடியில் வெடித்தால் வாயுக்குமிழி விரியும், சுருங்கும், மறுபடி விரியும். அந்தத் துடிப்பும் கருவிகளின் அதிர்வலையில் பதிந்திருந்தது. வெறும் மோதலில் இது எப்படி வரும்?

கப்பலில் இருந்த டார்பிடோவின் (நீருக்கடியில் பாயும் குண்டு) எரிபொருள் கசிந்து வெடித்தது என்று ரஷ்ய விசாரணை முடிவு சொல்ல 2002 ஜூலை ஆகிவிட்டது.