மேயரை இறக்க ஒரு சட்டம்

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரத்துக்குப் போனபோது அந்தச் சுரங்கப்பாதைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சரிவுப்பாதை ஓரம் குறுகலான படிக்கட்டு. 2010 ஜூலை 24, லவ் பரேட் என்ற இசைத் திருவிழா நெரிசலில் உயிர் தப்ப எல்லாரும் முண்டியது இதை நோக்கித்தான். 21 பேர் செத்தார்கள்.

பொறுப்பேற்று விலகச் சொல்லியும் நகர மேயர் சாவர்லாண்ட் நாற்காலியை விடவில்லை. அவரை நீக்க நகர மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது, மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. மக்களே கையெழுத்துத் திரட்டி நீக்க அப்போது வழியே கிடையாது! 2011இல் மாநிலச் சட்டமன்றம் வாக்களித்து அந்த வழியைத் திறந்தது. மொத்த வாக்காளர்களில் 15 சதவீதம் பேர் கையெழுத்து, பிறகு 25 சதவீதம் பேர் 'போ' என்று வாக்கு. லேசான வேலையா? ஆனாலும் 2012 பிப்ரவரியில் சுமார் 1,30,000 பேர் 'போ' என்று வாக்குப் போட்டார்கள். தேவைப்பட்டதோ 92,000கூட இல்லை.

படிக்கட்டில் யாரோ வைத்த மெழுகுவர்த்தி அணைந்து கிடந்தது.