கொலஸ்ட்ரால் ஏறினால் தைராய்டையும் பாருங்கள்: என் அனுபவம்

மொத்த கொலஸ்ட்ரால் 286, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 198. போன வருடம் எடுத்த மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் என் ரிப்போர்ட் இப்படித்தான் வந்தது. எனக்கு வயது 49. சர்க்கரை கிடையாது. அப்பாவுக்கு 54 வயதில் பைபாஸ் ஆனது, அதனால் வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள். முட்டை நின்றது, தேங்காய்ச் சட்னி நின்றது, தோசைக்கு எண்ணெய் சொட்டுக் கணக்கானது. செக்கப் செய்த இடத்தில் இருந்த டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டார்வாஸ்டாட்டின் 20 எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த பேக்கேஜில் தைராய்டு டெஸ்ட் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் தொடையில் வலி வந்தது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழ வேண்டுமென்றால் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பிருந்தே எனக்கு வேறு தொல்லைகளும் உண்டு. மலச்சிக்கல், குதிகால் வெடிப்பு, சீப்பு நிறைய முடி, மத்தியானம் ஆனால் அடித்துப் போட்டது போல அசதி. மார்கழி என்றில்லை, சித்திரையிலும் ஃபேனைக் குறைக்கச் சொல்வேன். பீரியட்ஸ் நிற்கும் வயது, இப்படித்தான் இருக்கும் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

வலி தாங்காமல் எங்கள் பகுதியிலேயே இருக்கும் வயதான எம்.டி. டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். 56 இருந்தது. கழுத்தை அண்ணாந்து காட்டி எச்சில் விழுங்கச் சொன்னார். பிறகு, "அந்த நாற்காலியில முட்டி போடுங்கம்மா, பாதம் வெளியே தொங்கட்டும்" என்றார். குதிகாலுக்கு மேலே நரம்பு மாதிரி இருக்கும் தடித்த இடத்தில் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று இழுத்தது, ஆனால் பழைய நிலைக்கு மெல்ல மெல்லத்தான் திரும்பியது. என் கணவரைக் கூப்பிட்டு, "பாருங்க சார், போறது வேகமாப் போகுது, வர்றதுக்கு நேரமாகுது" என்று இன்னொரு முறை தட்டிக் காட்டினார். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கு இப்படி ஆகுமாம்.

ரத்தம் எடுக்கும் முன் அவர் கேட்ட கேள்வி ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். "முடி கொட்டுதுன்னு ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தது. தைராய்டு சுரப்பு குறைந்தால், அதைத் தூண்டும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். சில லேப்களின் பரிசோதனை முறையில் பயோட்டின் குறுக்கிட்டு டிஎஸ்ஹெச் அளவைக் குறைத்துக் காட்டிவிடும், அதாவது உண்மையில் ஏறியிருந்தாலும் நார்மல் என்று வந்துவிடலாம். அதை நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்துத்தான் ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்ஹெச் 38. நார்மல் என்பது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. தசை பாதிப்பைக் காட்டும் சிபிகேயும் 600-ஐத் தாண்டியிருந்தது. ஆன்டி-டிபிஓவும் பாசிட்டிவ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கிக்கொண்டிருந்தது.

கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் ரத்தக் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கல்லீரல்தான் உள்ளே இழுத்துக் கழிக்கிறது. அதற்கென்று கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன, அவை வாசல் மாதிரி. பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவரும் 1985-இல் நோபல் பரிசு வாங்கியது கொலஸ்ட்ரால் கட்டுப்பாட்டில் இந்த ஏற்பியின் வேலையைக் கண்டறிந்ததற்காகத்தான். எத்தனை வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. ஹார்மோன் குறைந்தால் வாசல்கள் குறையும், எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்கும். நான் தேங்காயை நிறுத்தியும் எண் பெரிதாக இறங்காததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. தைராய்டு குறைவாக இருக்கும்போது ஸ்டாட்டின் போட்டால் தசை வலி வரும் வாய்ப்பும் கூடுகிறது. எல்டிஎல் அதிகமாக இருந்தால் ஸ்டாட்டினுக்கு முன் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. சில நூறு ரூபாய் டெஸ்ட். நம் நாட்டிலோ, சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடத்திய ஆய்வில் பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதாக 2013-இல் வெளியானது. அப்படியிருக்க, பேக்கேஜில் இதை விட்டுவிடுவது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

அவர் ஸ்டாட்டினைத் தற்காலிகமாக நிறுத்தினார். ஈசிஜி, எக்கோ எடுத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே லீவோதைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை ஆரம்பித்தார், அதுவும் 25 மைக்ரோகிராமில். அப்பாவின் இதய நோய்தான் அந்த எச்சரிக்கைக்குக் காரணம். மெதுவாக ஓடிக்கொண்டிருந்த இதயத்தைத் திடீரென்று முடுக்கினால், அடைப்பு இருப்பவர்களுக்கு நெஞ்சுவலி வரலாம். பிறகு 50, அதன் பிறகு 75.

மாத்திரை சாப்பிடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, காரணம் காபி. விடிந்ததும் ஃபில்டர் காபி குடித்துப் பழகிய உடம்பு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உள்ளே போகாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நான் கால்சியத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். மாத்திரை டப்பாவை அடுப்பு மேடையில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, சூடும் ஈரமும் படாத இடத்தில் வைக்கச் சொன்னார் மருந்துக்கடைக்காரர். டோஸ் மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. இந்தக் காத்திருப்பில் மனம் சோர்ந்துபோகும். எனக்கும் சோர்ந்தது. முதலில் மலச்சிக்கல் சரியானது, பிறகு கால் வலி. முடி மட்டும் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது.

டிஎஸ்ஹெச் 2.8-க்கு வந்து, இன்னும் கொஞ்ச காலம் கழித்துக் கொழுப்பு பார்த்தபோது மொத்தம் 213, எல்டிஎல் 136. ஸ்டாட்டின் இல்லாமல் 62 புள்ளி இறங்கியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் 136 போதாது என்றார் டாக்டர். மீதி ஏற்றத்தில் இன்னொரு ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. கல்லீரலின் அதே வாசல்களைத் திறந்து வைப்பதில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் உதவுகிறது. அது குறையும்போது, கடைசி மாதவிடாயை ஒட்டிய ஒரு வருட காலத்தில் எல்டிஎல் சட்டென்று ஏறுகிறது என்று அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வு காட்டியிருக்கிறது. அப்படியானால் ஈஸ்ட்ரோஜனையும் மாத்திரையாகப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டேன். இதயத்தைக் காப்பதற்கென்று அதைத் தருவதில்லை என்றார். அமெரிக்காவில் நடந்த பெண்கள் நலப் பெரும் ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பிரிவை 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்று மூன்றும் அந்தப் பிரிவில் கூடியிருந்தன. உடல் கொதிப்பு, வியர்வை தாங்க முடியாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை தருவது வேறு கணக்கு.

அப்பாவின் பைபாஸையும் கணக்கில் எடுத்து, ரோசுவாஸ்டாட்டின் 5 என்ற வேறொரு ஸ்டாட்டினை எழுதினார். பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன். இந்த முறை வலி வரவில்லை. ஸ்டாட்டினைக் கெட்டது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நீங்கள் போட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டிஎஸ்ஹெச் பார்த்தாயிற்றா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

என் தங்கையையும் டெஸ்ட் எடுக்க வைத்தேன். இந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. அவளுக்கு டிஎஸ்ஹெச் 7 வந்திருக்கிறது, இப்போதைக்குக் கவனித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா என் கதையைக் கேட்டுவிட்டு, "உன் மாத்திரையில நாலு குடேன், எனக்கும் கொழுப்பு இருக்கு, எடையும் குறையுமாம்ல" என்றார். கொடுக்கவில்லை. தைராய்டு நன்றாக இருப்பவர்கள் இதைப் போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயும். கொழுப்பைக் குறைக்க இதே இனத்தைச் சேர்ந்த டெக்ஸ்ட்ரோதைராக்ஸினை மாரடைப்பு வந்த ஆண்களுக்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் சாவு அதிகமானதால் நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லி, அக்காவைக் கூட்டிப்போய் டிஎஸ்ஹெச் எடுக்க வைத்தேன். 2.1 வந்தது, தைராய்டு சுத்தமாக இருக்கிறது. அவர் கொழுப்புக்கு என்ன காரணம் என்று பார்க்க, வருகிற வாரம் அதே டாக்டரிடம் போகிறோம்.